தோலில் ஏறிய காப்பு: கெமர் யந்திரமும் தோட்டத்துப் பச்சையும்



கம்போடியாவின் கெமர் மக்கள் உடம்பில் ஏற்றிக்கொள்ளும் புனிதப் பச்சையின் பொருளைப் பற்றி இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேசச் சொன்னீர்கள். பேசுகிறேன். ஆனால் மலேசியாவின் பேராக்கில், ஈப்போவில் நின்றுகொண்டு அதைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப்பேருடைய வீட்டில், கூடத்துச் சுவரில் மாலை போட்ட ஒரு பாட்டியின் படம் இருக்கும். அந்தப் பாட்டியின் முன்கையை உற்றுப் பார்த்தால் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். நம் பிள்ளைகள் கெமர் பச்சையைக் கண்டு வியக்கிறார்கள். கொள்ளுப்பாட்டியின் கையில் இருப்பதைப் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பதே இன்றைக்கு என் வேண்டுகோள். தோலில் ஏறும் குறி என்பது உடம்பைச் சாட்சி வைத்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் நோன்பு. அங்கோர் நாட்டுப் போர்வீரனுக்கும் இங்கே சுங்கை சிப்புட் ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுக்காரிக்கும் அது பொது.

முதலில் கெமர் வழக்கத்தைப் பார்ப்போம்.

சாக் யந்த் என்று அதற்குப் பெயர். நாம் கோயிலில் யந்திரம் என்கிறோமே, அதே யந்திரந்தான். குத்துபவர் வெறும் கைவினைஞர் அல்லர். மந்திர உபதேசம் பெற்றவர். அவரைக் குரு என்றும் ஆசாரியர் என்றும் பொருள்படும் சொற்களாலேயே அழைக்கிறார்கள். பச்சை ஏற்றிக்கொள்ள வருகிறவர் பூவும் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் காணிக்கையும் தட்டில் வைத்து வணங்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து முதுகைக் காட்டவேண்டும். சீடர்கள் இருபுறமும் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். மூங்கிலிலோ உலோகத்திலோ செய்த நீண்ட கோலின் முனையில் ஊசி இருக்கும். குரு அதைக் கரிமையில் தோய்த்து, மந்திரத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே, நிற்காமல் குத்திக்கொண்டு போவார். வரைந்து முடித்த பிறகும் அது வெறும் கோடுதான். கடைசியில் அவர் மந்திரம் ஓதித் தம் மூச்சை அதன்மேல் ஊதவேண்டும். அந்த மூச்சு பட்ட பிறகுதான் யந்திரம் விழித்துக்கொள்கிறது என்பது நம்பிக்கை. சிற்பி செதுக்கிய திருமேனிக்கு நாம் கண் திறக்கிறோமே, அந்த இடத்தில் அங்கே மூச்சு நிற்கிறது.

வடிவங்கள் பல. கழுத்தடியில் ஒன்பது சிகரங்களாக எழும் யந்திரம் ஒன்று உண்டு; அந்தச் சிகரங்கள் மேருமலையினுடையவை. எட்டுத் திசைக்கும் காவல் வைக்கும் வட்டம், தோள்பட்டையில் மேலிருந்து கீழாக இறங்கும் ஐந்து வரிகள், புலி, அனுமன் என்று இன்னும் எத்தனையோ. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய அங்கோர்வாட்டின் ஐந்து கோபுரங்களும் அதே மேருவின் சிகரங்களைத்தான் குறிக்கின்றன. கல்லில் மலையை எழுப்பிய சமூகம் முதுகிலும் அதையே எழுப்பிக்கொண்டது. ஆகவே கெமர் பச்சையைப் பார்க்கும்போது மனித உடம்பைக் கோயிலாகப் பார்க்கும் ஒரு மரபைப் பார்க்கிறோம் என்று மனத்தில் கொள்ளவேண்டும்.

கோடுகளுக்கு உள்ளே எழுத்துகள் இருக்கும். மொழி பாலி, எழுத்தோ கெமர். சயாமில், அதாவது தாய்லாந்தில், உடம்பில் பச்சை குத்தும்போதும் மந்திரத்துக்குப் பெரும்பாலும் பழைய கெமர் எழுத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அன்றாடத் தாய்லாந்து எழுத்துக்கு அந்தப் புனிதம் கிடையாது. அந்தக் கெமர் எழுத்து எங்கிருந்து வந்தது? தென்னிந்தியாவில் பல்லவர் வழங்கிய எழுத்திலிருந்து. கெமர் மொழியில் கிடைத்துள்ளவற்றில் ஆண்டு குறித்த மிகப் பழைய கல்வெட்டு அங்கோர் போரேயில் கிடைத்தது. அதன் காலம் கி.பி. 611. அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியில் ஒரு மகேந்திரவர்மன் ஆண்டுகொண்டிருந்தான், கெமர் மண்ணிலும் ஒரு மகேந்திரவர்மன் ஆண்டான். கடலைக் கடந்து பெயர் போயிருக்கிறது, எழுத்து போயிருக்கிறது, எழுத்தைப் புனிதமாகக் கருதும் மனப்பாங்கும் போயிருக்கிறது.

இந்தப் போக்குவரத்தின் தடம் நம் பேராக்கிலும் உண்டு. கோலசெலின்சிங் கடலோரத்துச் சதுப்பில் நடந்த அகழாய்வில் ஒரு சிறிய சூதுபவள முத்திரை கிடைத்தது. அதில் ஶ்ரீ விஷ்ணுவர்மன் என்ற பெயர் பழைய இந்திய எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. இங்கிருந்து தெற்கே பீடோரில், ஈயச் சுரங்கத்தில் 1936இல் எட்டுக் கைகளுடன் அவலோகிதேசுவரரின் வெண்கலத் திருமேனி வெளிப்பட்டது. நம் பாட்டன்மார் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி பின்னால் வருவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மந்திரமும் எழுத்தும் இந்த மண்ணுக்கு வந்துவிட்டன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறையைத் தலைமையேற்று நடத்தியவரும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்க முதன்மைக் காரணராக இருந்தவருமான தனிநாயக அடிகள், சயாமிய அரசவைப் பிராமணர்கள் ஓதிவந்த சடங்குப் பாடலில் திருவெம்பாவை இருப்பதை நமக்கு எடுத்துக்காட்டினார். ஓதுபவர்களுக்குப் பொருள் தெரியாது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். யந்திரப் பச்சையும் அப்படிக் காக்கப்பட்ட ஒன்றுதான்.

எழுத்தை உடம்பில் ஏற்றுவது நமக்குப் புதிதா என்றால், இல்லை. பூசையில் உட்காரும் குருக்கள் முதலில் என்ன செய்கிறார்? மந்திரத்தின் ஒவ்வோர் எழுத்தையும் சொல்லி விரல்களைத் தொடுகிறார், நெஞ்சைத் தொடுகிறார், தலையைத் தொடுகிறார். கரநியாசம், அங்கநியாசம் என்பது அதுதான். மந்திரத்தை உறுப்புகளில் வைத்த பிறகே பூசிக்கும் தகுதி வருகிறது. கந்த சஷ்டி கவசத்தை நினைத்துப் பாருங்கள். ஈப்போவின் புந்தோங் வீடுகளில் செவ்வாயும் வெள்ளியும் கேட்கும் அந்தப் பாட்டு, தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி வேலைக் காவல் வைக்கிறது. கவசம் என்று பெயர் வைத்ததே அதனால்தான். திருமந்திரத்தின் நான்காம் தந்திரம் பெரும்பாலும் சக்கரங்களைப் பற்றியது: எத்தனை கட்டம், எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்றெல்லாம் அங்கே வருகிறது. உண்மை விளக்கமோ ஆடும் பெருமானின் திருமேனியையே ஐந்தெழுத்தாகக் காட்டுகிறது: திருவடியில் நகரம், உதரத்தில் மகரம், தோளில் சிகரம், முகத்தில் வகரம், முடியில் யகரம்.

கெமர், சயாமிய யந்திரங்களிலும் ஐந்தெழுத்து உண்டு. நமோ புத்தாய என்பதன் ஐந்து அசைகள் ஐந்து புத்தர்களைக் குறிக்கும். அவர்களில் ஐந்தாமவர் இனி வரப்போகும் மைத்திரேயர். நமசிவாய என்று சொல்லிப் பழகிய காதுக்கு அந்த ஐந்தும் அயலாகக் கேட்காது. ஆனால் நியாசத்தில் நாம் மந்திரத்தை உறுப்பில் தொட்டு வைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். பூசை முடிந்தால் நியாசமும் முடிந்தது. கெமர் வீரன் எழுந்து போன பிறகும் அது அவனோடு போகவேண்டும்; போர்க்களத்தில், காட்டில், ஆற்றைக் கடக்கையில் உட்கார்ந்து ஓத நேரமில்லை. அதனால் அவன் நியாசத்தை ஊசியால் நிலைநிறுத்திக்கொண்டான். நம் கோயில் குடமுழுக்கில் மருந்து சாத்துவதற்கு முன், திருமேனியின் அடியில் செப்புத் தகட்டில் எழுதிய யந்திரத்தை வைக்கிறோம். பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அது இருக்கிறது என்பதால்தான் மேலே இருக்கும் கல்லைத் தெய்வம் என்று கும்பிடுகிறோம். சாக் யந்த் ஏற்றிய மனிதனுக்குத் தோலே அந்தத் தகடு.

இதில் பலரும் தவறவிடும் ஒரு பகுதி உண்டு. சாக் யந்த் குண்டு துளைக்காமல் காக்கும், கத்தி வெட்டாமல் காக்கும் என்ற நம்பிக்கையைத்தான் எல்லாரும் விரும்பிச் சொல்கிறார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்துக் கம்போடியப் படைவீரர்கள் பலர் அந்த நம்பிக்கையோடு பச்சை ஏற்றிக்கொண்டதும் யந்திரத் துணி கட்டிக்கொண்டதும் உண்மை. ஆனால் குரு ஊசியைக் கீழே வைத்ததும் முதலில் சொல்வது நோன்பைத்தான். கொல்லாதே, திருடாதே, பிறர் மனை நாடாதே, பொய் சொல்லாதே, மதுவை விடு. பஞ்சசீலம். இவற்றுக்கு மேல் அந்தந்தக் குருவின் மரபுப்படி சில உணவு விலக்குகள்; பெண்கள் துணி காயும் கொடிக்குக் கீழே போகக்கூடாது, பெற்றோரை இழித்துப் பேசக்கூடாது என்பன போன்ற கட்டுப்பாடுகள். மீறினால் மை அழியாது, மந்திரம் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை குருவை வணங்கும் நாளில் போய் மறுபடி ஓதச்செய்து அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். காவல் வேண்டும் என்று வந்தவனை ஒழுக்கத்துக்குள் கட்டிப்போடுகிற ஏற்பாடு அது. கண்ணாடி பார்க்கும்போதெல்லாம், சட்டையைக் கழற்றும்போதெல்லாம், தான் என்ன வாக்குக் கொடுத்தோம் என்பது அவன் கண்ணில் படும். இதன் ஆன்மிகப் பொருள் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், காவலைவிட இந்தக் கட்டில்தான் இருக்கிறது என்பேன்.

1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் துறவிகள் காவி களையப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். விகாரைகள் சிறைகளாகவும் கிடங்குகளாகவும் ஆயின. குருவிடமிருந்து சீடனுக்கு வாய்மொழியாகப் போகும் கலை இது. குரு போனால் அவரோடு மந்திரமும் போகும். எத்தனை மரபுகள் அந்த நான்கு ஆண்டுகளில் அறுந்தன என்பதற்குக் கணக்குக் கிடையாது. இன்று பினோம்பென்னிலும் சியம்ரீப்பிலும் சுற்றுலாக்காரர்களுக்குக் குத்தும் கடைகள் பெருகியிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே, மீந்த சில முதியவர்களிடம் உட்கார்ந்து பழைய யந்திரங்களைக் கற்றுக்கொள்ளும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் நம் பக்கம் திரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் பச்சை குத்தியவள் குறத்தி. கூடை முடைவாள், குறி சொல்வாள், பச்சை குத்துவாள். வள்ளியின் குலம் என்று தன்னைச் சொல்லிக்கொள்வாள். முருகன் வேறு பெண்ணைத் தேடாமல் குறவர் மகளைத் தேடி வந்தான் என்பது அவளுக்குப் பெருமை. ஊர்ப் பெண்களுக்கோ அவள் கைக்குத் தனி ராசி உண்டு என்ற நம்பிக்கை. அறுவடை முடிந்து களத்தில் நெல் இருக்கும் பருவத்தில் ஊருக்கு வருவாள்.

அவள் மை கூட்டிய விதத்தை எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர்; தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டவர். அகத்திக்கீரையையும் மஞ்சள்தூளையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவி, திரியாக உருட்டி, விளக்கெண்ணெய் அகலில் போட்டு ஏற்றுவார்கள். அதன்மேல் புதுச்சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியின் உட்புறம் படியும் கரியைச் சுரண்டி எடுத்துத் தாய்ப்பாலில் குழைப்பார்கள். பால் இல்லாவிட்டால் தண்ணீரில். தாய்ப்பாலை ஊசிமுனையில் வைத்துப் பெண்பிள்ளையின் தோலுக்குள் செலுத்துகிறார்கள் என்பதை நாம் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகக்கூடாது. கெமர் குருவின் மூச்சு செய்யும் வேலையை இங்கே ஒரு தாயின் பால் செய்கிறது.

மூன்று நான்கு ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டிக்கொள்வாள். முதலில் குச்சியால் கோலத்தைக் கையில் வரைந்து காட்டுவாள். பிறகு குத்தத் தொடங்குவாள். பிள்ளை அழாமல் இருக்க ஒரு பாட்டும் பாடுவாள். முடிந்ததும் கழுவிவிட்டு மஞ்சள் பூசுவாள். கூலி நகரத்தில் காசு, கிராமத்தில் தவசம். கையில் கோலம், தேர், தாமரை, மயில், தேள், கும்பம், சூலம், சீதையின் பெயரால் வழங்கும் வடிவங்கள். முகவாயில், புருவ நடுவில், கன்னத்தில் தனிப்புள்ளி. மூட்டு வலிக்கும் இடத்தில் வைத்தியமாக வைத்த புள்ளிகளும் உண்டு. ஆல்ப்ஸ் பனிக்குள் ஐயாயிரம் ஆண்டுக்கு மேலாகக் கிடந்த மனிதனின் உடலில் 61 பச்சைக் கோடுகளைக் கண்டார்கள். அவற்றில் பல முதுகின் கீழ்ப்பகுதியிலும் மூட்டுகளை ஒட்டியும் இருந்தன. வலிக்கும் உடம்பில் குறி வைப்பது மனிதனுக்கு அவ்வளவு பழக்கமானது.

பச்சை ஏன் அழிவதில்லை என்பதைப் பிரான்சில் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018இல் விளக்கினார்கள். மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருக்கும். ஊசி அதற்கும் கீழே போகிறது. அங்கே அயல்பொருளை விழுங்கும் காவல் செல்கள் மையை விழுங்கித் தமக்குள் வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல் இறக்கும்போது மை வெளியே விழும். அடுத்து வரும் செல் அதை எடுத்து விழுங்கிக்கொள்ளும். ஒருமுறை குத்திவிட்டால் அது சும்மா கிடக்கிறது என்று நினைத்தோம். உடம்போ ஆயுள் முழுக்க அதை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி மாற்றிக் காத்துக்கொண்டிருக்கிறது. நோன்பை வாழ்நாள் முழுக்கச் சுமப்பது என்று நாம் சொல்வது அந்தத் தோலுக்குள் உள்ளபடியே நடக்கிறது.

தமிழ்ப் பச்சைகளில் சிக்கலானது கோட்டை வடிவம். ஒரே கோடு வளைந்து வளைந்து உள்ளே போய் வெளியே வரும். வாசற்கோலத்தின் சிக்கல் அப்படியே கைக்கு ஏறியிருக்கும். ஜான் லேயார்டு என்ற மானிடவியலாளர் 1937இல் இதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பசிபிக் தீவான மாலேகுலாவில் அவர் ஒரு கதையைக் கேட்டிருந்தார்: செத்தவனின் ஆவியை மறுவுலக வாசலில் ஒரு பெண் காவலாளி மறித்து, மணலில் பாதி அழிந்த சிக்கல் கோலத்தை முடித்துக்காட்டச் சொல்வாள், தெரியாதவனை விழுங்கிவிடுவாள். அந்த நினைவோடு தமிழ்நாட்டு வாசலையும் தமிழச்சியின் கையையும் பார்த்தவர், வாசல் காக்கும் கோலமும் உடம்பு காக்கும் பச்சையும் ஒன்று என்று கண்டார். வீட்டுக்கு நிலைப்படி உண்டு, அதில் கோலம். வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவிலும் ஒரு நிலைப்படி உண்டு. அங்கே கோலமாவு எடுத்துக்கொண்டு போக முடியாது. கையிலேயே இருக்கவேண்டும்.

லேயார்டின் கட்டுரையை நான் படிப்பதற்கு வெகுகாலம் முன்பே என் அப்பாயி அதைச் சொல்லியிருந்தார். துறையூர்ப் பக்கத்துக்காரர். 1938இல் இந்திய அரசு கூலி ஆட்களை அனுப்புவதை நிறுத்துவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்துக்கு, கூலியாட்களின் வரிசை வீடுகளுக்கு, வந்து சேர்ந்தவர். இடது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பச்சை. கீழே ஒரு தேர், அதன் மேல் நான்கு வாசல் கோட்டை, கோட்டையின் நான்கு மூலைக்கும் மும்மூன்று புள்ளி, எல்லாவற்றுக்கும் மேலே கொடுக்கைத் தூக்கிய ஒரு தேள். வயதாகித் தோல் சுருங்கியதில் தேரின் சக்கரம் நீள்வட்டமாகிவிட்டது. கோட்டையின் கோடுகள் ஒன்றோடொன்று கசிந்திருந்தன. பால்வெட்டிய காலத்தில் உறைந்த ரப்பர்ப்பால் அந்தக் கையில் கோடு கோடாகக் காய்ந்திருக்குமாம். சாயங்காலம் உரித்தெடுத்தால் அடியில் பச்சை மட்டும் பளிச்சென்று நிற்குமாம்.

மலாயாவைச் சப்பான்காரன் பிடித்திருந்த காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் அந்தக் கையைத்தான் நீட்டுவார். “தோடு மரவள்ளிக்கெழங்குக்குப் போச்சு. மூக்குத்தி மருந்துக்குப் போச்சு. ஒங்க தாத்தாவ ரயிலு போடச் சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிட்டான். தாலியில இருந்த குண்டுமணித் தங்கமும் அரிசிக்குப் போச்சு. இத மட்டும் எவனும் கேக்கல. நாளைக்குக் கட்டையில போறப்பவும் இதுதாண்டா கூட வரும்.” தாத்தா திரும்பி வரவில்லை. விதவைக்கோலம் என்று ஊர் எதையெல்லாம் கழற்றச் சொன்னதோ அதையெல்லாம் அவர் கழற்றினார். கழற்ற முடியாதது கையில் இருந்தது. அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

கூட வருவது பச்சை மட்டுந்தான் என்ற அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. தமிழ்க் கிராமத்தில் எந்தக் கிழவியிடமும் அதைக் கேட்கலாம். அதற்குள் ஒரு முழு ஆன்மிகம் இருக்கிறது. மண்ணும் பொன்னும் ஆணின் பெயரில் இருந்த சமூகத்தில், தோட்டத்திலோ லயத்து வீடுகூடத் துரையின் சொத்தாக இருந்த இடத்தில், அடகு வைக்க முடியாத, பறிக்க முடியாத, பங்கு பிரிக்க முடியாத ஓர் உடைமையைப் பெண்கள் தங்களுக்கு என்று வைத்துக்கொண்டார்கள். வலியைக் கொடுத்து வாங்கிய உடைமை. அந்த வலியைப் பொறுத்த பெண்ணால் பேறுகாலத்தையும் பொறுக்க முடியும் என்றும் சொன்னார்கள்.

கெமர் பச்சையும் நம் பச்சையும் பிரியும் இடத்தையும் சொல்லவேண்டும். அங்கே பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் ஏற்றிக்கொண்டாலும் மைக்குப் பதில் எண்ணெய் தொட்டு, கண்ணுக்குத் தெரியாதபடி ஏற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. இங்கே பெரும்பாலும் பெண்கள், அதுவும் ஊரே பார்க்கும் முன்கையில். அங்கே எழுத்து. இங்கே எழுத்தில்லை; புள்ளியும் கோடுந்தான். இந்த வேறுபாடு என்னை நெடுநாள் வருத்தியது. பல்லவர் கரையிலிருந்து போன எழுத்து கம்போடியாவில் ஒரு படைவீரனின் முதுகில் மந்திரமாக ஏறியிருக்கிறது. அந்த எழுத்தைப் பெற்ற மண்ணில் பிறந்த உழைக்கும் பெண்ணின் கைக்கு அது எட்டவில்லை. ஏட்டைத் தொட அவளுக்கு உரிமையில்லை, வேதம் கேட்க உரிமையில்லை, பல ஊர்களில் கோயிலுக்குள் போகவும் உரிமையில்லை. அவளுக்குத் தெரிந்த எழுத்து வாசலில் தினமும் போட்ட கோலம். அதையே மந்திரமாக்கித் தோலில் ஏற்றிக்கொண்டாள்.

இது வெறும் ஊகமில்லை என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு சான்று இருக்கிறது. சத்தீஸ்கரில் ராம்நாமி சமூகத்தார், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, உடம்பு முழுக்க ராம நாமத்தைப் பச்சை குத்திக்கொண்டு வந்தார்கள். சிலர் நெற்றி, கண்ணிமை வரைக்கும். தீண்டாமையின் பெயரால் கோயில் வாசல் அவர்களுக்கு அடைக்கப்பட்டது. சாமி இருக்கும் கட்டடத்துக்குள் விடாதபோது சாமியின் பெயரைத் தோலில் குடியேற்றினார்கள். கெமர் முதுகில் கோயில் எழுந்தது அரசனும் கோயிலும் கூட நிற்க. ராம்நாமிக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கும் கோயில் வெளியே தள்ளிய பிறகு எழுந்தது. இரண்டில் எது புனிதத்தில் குறைந்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

இந்த ஈப்போவில் தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலைக்குக் காவடிகள் போவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். நாக்கிலும் கன்னத்திலும் அலகு, முதுகில் கொக்கி. உடம்பைக் கொடுத்து வேண்டுதலைச் செலுத்துவதில் நமக்குத் தயக்கம் கிடையாது. ஆனால் மலையடியில் அலகைக் கழற்றித் திருநீறு வைத்தால் அன்றைய நோன்பு நிறைவடைகிறது; ஒரு வாரத்தில் வடுவும் மறைகிறது. பச்சைக்கு அந்த நிறைவு நாள் கிடையாது. காவடி எடுப்பவரை வணங்கி வழிவிடும் நாம், ஆயுள் முழுக்க இறக்கி வைக்காத காவடியைக் கையில் சுமந்த கிழவிகளுக்கு அந்த வணக்கத்தைத் தரவில்லை.

ஏன் தரவில்லை என்பதற்குக் காரணங்கள் தெரிந்தவையே. பச்சை கப்பலில் வந்தது, குறத்தி வரவில்லை. இந்த மண்ணில் பிறந்த பெண்பிள்ளைகளின் கை வெறுங்கையாகவே வளர்ந்தது. தோட்டப் பள்ளி வந்தது, சீர்திருத்தப் பேச்சு வந்தது. பச்சை அறியாமையின் அடையாளம் என்று பிள்ளைகளே தாய்க்குச் சொன்னார்கள். பட்டணத்துக் கல்யாணத்துக்குப் போகும்போது நீளக்கை ரவிக்கை போட்டு மறைத்த பாட்டிமார்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன. ஈப்போவின் அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்த பையன்கள் சிலர் கும்பல்களின் எண்களைக் கையில் குத்திக்கொண்டார்கள். பச்சை என்றாலே அடிதடி என்று ஆகிவிட்டது. அந்தப் பையனைக் கடிந்துகொள்வதோடு நிறுத்திவிடுகிறோம். தனக்கு ஒரு காவல் வேண்டும், தன்னைச் சேர்ந்தவர் என்று சிலர் வேண்டும் என்றுதான் அவனும் தோலை நீட்டினான். குருவும் நோன்பும் இல்லாத இடத்தில் அந்தத் தேவையைக் கும்பல் பிடித்துக்கொண்டது. நூறு நிபந்தனை போட்டு, ஆண்டுதோறும் கூப்பிட்டு, ஒழுக்கமாக இருக்கிறாயா என்று கேட்கும் ஒரு கெமர் குருவைப் போல அவனுக்கு நம்மில் யார் இருந்தார்கள்?

இளையோர் என்னைக் கேட்பது: பாட்டியின் கோலத்தை நாங்கள் குத்திக்கொள்ளலாமா? குத்திக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு முன் அது யாருடைய கையில் இருந்தது, அவர் எதற்காகக் குத்திக்கொண்டார் என்று அறிந்துகொள்ளுங்கள். அதோடு சேர்த்து ஒரு நோன்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான ஊசிக்கு உறுதி கேளுங்கள். மஞ்சட்காமாலைக் கிருமி ஊசி வழியாகப் பரவும் என்பது அப்பாயி காலத்தில் யாருக்கும் தெரியாது, நமக்குத் தெரியும்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. ஈப்போவுக்குப் பக்கத்தில், குவா தம்புன் பாறையில் செங்காவியால் தீட்டிய தொல்பழங்கால ஓவியங்களை 1959இல் ஒரு படையதிகாரி கண்டார். ஆய்வாளர்கள் ஒவ்வோர் உருவையும் அளந்து வரைந்து வைத்துவிட்டார்கள். பாறை இன்னும் பல காலம் நிற்கும். பச்சை ஏறிய கைகள் நிற்காது. கப்பலில் வந்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். மீந்திருப்பவர்கள் மிகச் சிலர். அவர்களுக்குப் பிறகு வெகுகாலம் கழித்து, திருமணமாகித் தமிழ்நாட்டிலிருந்து வந்த சிலரின் கைகளும் இருக்கின்றன. வீட்டுப் பழைய நிழற்படங்கள் இருக்கின்றன. அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் கோடுகள் தெரியும்.

ஆகவே இந்த அறக்கட்டளையாரிடம் என் விண்ணப்பம் இது. பேராக்கின் தமிழ்ப்பள்ளி மாணவர்களிடம் ஆளுக்கு ஒரு கண்ணாடித்தாளும் மைப்பேனாவும் கொடுங்கள். பாட்டி இருந்தால் அவர் அனுமதி கேட்டுக் கையின் மேல் தாளை வைத்துக் கோலத்தைப் படியெடுக்கட்டும். இல்லையென்றால் படத்திலிருந்து எடுக்கட்டும். எந்த ஊரில் பிறந்தார், எந்தத் தோட்டத்துக்கு வந்தார், எந்த வயதில் குத்தினார்கள், யார் பிடித்துக்கொண்டார்கள், கூலியாக என்ன கொடுத்தார்கள், குறத்தி பாடிய பாட்டு நினைவிருக்கிறதா, செத்த பிறகு அது என்ன செய்யும் என்று நம்புகிறார்: இவற்றைக் கேட்டுத் தாளின் பின்புறம் எழுதட்டும். முகத்தைப் படமெடுக்க வேண்டாம், கை போதும். பெயர் போடுவதும் போடாததும் அந்த வீட்டாரின் விருப்பம். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு வேறொரு பேச்சாளரை அழைப்பீர்கள். அவர் பேசும் மேடைக்குப் பின்னால் அந்தத் தாள்களை வரிசையாகத் தொங்கவிடுங்கள். கோட்டை எத்தனை விதம், திருச்சிப் பக்கத்துத் தேருக்கும் வடார்க்காட்டுத் தேருக்கும் என்ன வேறுபாடு, எந்தத் தோட்டத்தில் தேள் அதிகம் என்பதையெல்லாம் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு அப்போது பேசலாம்.